மணி இல்லையென்று எழுதியவள்

ஒன்பதாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். வாகட் என்ற புறநகரில் பூச்சு வேலைகூட முடியாமல் நின்ற அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தில் அப்போது இருந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் லிஃப்டுக்குள். மூன்றாவது ஆளான சைட் சூப்பர்வைசர் கதம், சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் போயிருந்தார்.

உள்ளே மாட்டிக்கொண்ட இருவரில் ஒருத்தி பானு. முப்பத்தொரு வயது. லிஃப்டுக்குள் பொத்தானும் திரையுமாகச் சுவரில் ஒரு பேனல் இருக்கிறதே, அதைச் செய்கிற ஹிஞ்சேவாடி கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். மற்றவர் துரைசாமி. கோர்படி பகுதியில் குடியிருக்கும் தமிழர், அறுபதை நெருங்குகிறவர். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்களுக்கு வயர் இழுத்த கான்ட்ராக்டர். கேட்டில் பானு போனில் தன் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, இந்தியில் "மேடம்" என்று ஆரம்பித்தவர் அடுத்த நிமிடமே "ம்மா"வுக்கு வந்துவிட்டார்.

"கரண்ட் போயிருச்சும்மா. ஜெனரேட்டர் இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல. பயப்படாத. பேனலுக்குத் தனி பாட்டரி இருக்குது, லைட்டு எரியும். கீழ வாசல் லாபில மணி இருக்குது. இதோ அடிக்கிறேன், கதம் ஓடி வந்துருவாரு."

பேனலில் மணி படம் போட்ட பொத்தானை அழுத்தினார். பொத்தான் சிவப்பாக எரிந்தது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு முறை, விரல் வெளுக்க அழுத்திப் பிடித்தார். எங்கோ ஒரு புறா சிறகடித்தது, அவ்வளவுதான்.

போனை எடுத்துப் பார்த்தார்கள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எங்கே வரும். துரைசாமி கதவை உள்ளங்கையால் தட்டி "கதம் பாவ்" என்று நாலு முறை கூப்பிட்டார். ஒன்பது மாடிக்குக் கீழே, கேட்டில் உட்கார்ந்து பாக்ரி ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த கதமுக்கு அது கேட்க வாய்ப்பே இல்லை.

"மணி ஏன் அடிக்கல," என்று துரைசாமி தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பேனலைக் கழற்ற ஆரம்பித்தார்.

மணி ஏன் அடிக்கவில்லை என்று பானுவுக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பேனலுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு ஒரு கோப்பு எழுதித் தர வேண்டும். திரை இந்த இடத்தில், பொத்தான்கள் சிப்பின் இந்தக் காலில், விசிறி அந்தக் காலில், மணி இன்னொரு காலில் என்று பலகையில் இருக்கிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இடம் சொல்லி எழுதும் கோப்பு. கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் அதைத்தான் படிக்கும். படித்துவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் அதை இயக்குகிற டிரைவர் என்ற சின்ன புரோகிராமை எழுப்பும். டிரைவர் எதையும் தானாகப் போய்ப் பார்க்காது. எழுதியிருப்பதை அப்படியே நம்பும். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே ஒரு நிலை குறித்திருக்கும். 'ஓகே' என்றிருந்தால் அந்தப் பொருள் உண்டு. 'டிஸேபிள்ட்' என்றிருந்தால், ஆணி அடித்து மாட்டியிருந்தாலும் அது இல்லை.

பத்து மாதம் முன்பு அந்தக் கோப்பை எழுதியவள் பானு. அவள் மேஜையில் பேனல் இருந்தது, மணி இல்லை. மணி என்பது கட்டடத்தில் கான்ட்ராக்டர் மாட்டுகிற சமாசாரம். லேபில் அதற்கு என்ன வேலை. ஆனால் மணியின் டிரைவர் ஒவ்வொரு முறையும் எழுந்து மணியைத் தேடி, கிடைக்காமல், மறுபடி தேடி, முப்பது வினாடி அடம்பிடித்துவிட்டுத்தான் அடங்கும். ஒரு நாள் எரிச்சலில் மணிக்கு நேரே 'டிஸேபிள்ட்' என்று போட்டாள். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினாள். பேனல் எட்டே வினாடியில் எழுந்து நின்றது. மேனேஜர் விஸ்வேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். நாற்பது வினாடியை எட்டாக்கியது எப்படி என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். தானே செய்த மற்ற திருத்தங்களின் மகிமை அது என்று பானுவும் மனதார நம்பினாள். அந்த எட்டு வினாடிக்காகத்தான் இந்த மாதம் அவளை டீமுக்குத் தலைவியாக்கப் போகிறார்கள்.

துரைசாமியும் சும்மா இருந்தவரில்லை. மணியை மாட்டியதும் பாட்டரியை வைத்துத் தொட்டுப் பார்ப்பார், அடிக்கும். மணி நல்ல மணி, வயர் நல்ல வயர். அந்தப் பக்கம் கம்பெனியில் பேனல் நல்ல பேனல். இரண்டையும் சேர்த்து வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் சீட்டில் அவரவர் டிக் போட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் முன்பு கம்பெனிக்கு ஒரு மெயில் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம், மணி அடிக்கவில்லையாம். 'சைட் வயரிங் கோளாறு' என்று விஸ்வேஸ்வரன் ஒரு வரி பதில் போட்டு மூடிவிட்டார். பானுவுக்கு மட்டும் அந்தப் பதில் போதவில்லை. கோப்பைத் திறந்தாள். அந்த வரி இருந்தது. 'தற்காலிகம்' என்ற குறிப்பும் அப்படியே இருந்தது.

திருத்துவது ஒரு சொல் வேலை. ஆனால் முறைப்படி திருத்தினால் நாலு பேர் பார்வைக்குப் போகும். யார் எழுதியது, எப்போது எழுதியது எல்லாம் பெயரோடு தெரியும். அவளுக்குத் தைரியம் வரவில்லை. பதினோரு கட்டடங்களில் அந்தப் பேனல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போய், பேனலின் பதிவுகளை எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கையாலேயே திருத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். அதைத் துணிந்து தொடங்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் கட்டடம் இது. முதல் கட்டடத்திலேயே திருத்துவதற்கு முன் லிஃப்ட் நின்றுவிட்டது.

லேப்டாப்பும் கேபிளும் அவள் தோள்பையில்தான் இருந்தன. எடுத்து மாட்டினால் இரண்டு நிமிடத்தில் மணி அடிக்கும், கதம் ஓடி வருவார். ஆனால் கண்ணெதிரே இந்த மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். லேப்டாப்பில் என்னவோ தட்டியதும் மணி அடித்தால், இத்தனை நாள் ஏன் அடிக்கவில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும். தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதம் எப்படியும் சாப்பிட்டு முடித்து வருவார். அரை மணி நேரம் பொறுத்தால் போதும் என்று கணக்குப் போட்டாள்.

துரைசாமி பேனலைக் கழற்றிவிட்டார். மணிக்குப் போகும் மஞ்சள் வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. திருகைத் தளர்த்தி, வயர் முனையைப் பல்லால் உரித்து, முறுக்கி, மறுபடி திருகினார். பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை.

"வயரு நல்லாதான்மா இருக்குது. இன்னா சக்கர், இன்னா கோளாறுன்னே புரியல."

"விடுங்க அங்கிள். கதம் வரட்டும்."

"எப்படிம்மா விட்றது. திங்கக்கெழம இன்ஸ்பெக்‌ஷன். மணி அடிக்கலன்னா அடுத்த ரெண்டு டவரும் என் கையில இருக்காது. பில்டர் போன தடவயே சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அடுத்த முனையை உரிக்கும்போது விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பானுவால் அதைப் பார்க்க முடியவில்லை. மேலே விளக்கைப் பார்த்தாள். விசிறி நின்று வெகு நேரமாகியிருந்தது. சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய வியர்வை வாடையும் தகரத்தின் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. நாலு சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவதாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணி ஆயிற்று. கதம் வரவில்லை. சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவது அவர் வழக்கம் என்று துரைசாமி சொன்னார். சொல்லிவிட்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பிறகு மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்லம்மா. சுகர் இருக்குது. ரொம்ப நேரம் அடக்க முடியாது." ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல நேர்ந்ததில் அவர் கழுத்துவரை கூசிப்போயிருப்பது தெரிந்தது.

பானுவின் கை தோள்பையின் ஜிப்புக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. இன்னும் பத்து நிமிடம், கதம் வந்துவிடுவார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஜிப்பைத் திறக்கவில்லை.

துரைசாமி மூலையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். அடக்க முடியாததை மறப்பதற்காகப் பேசினாரோ என்னவோ.

"இதே மாதிரிதாம்மா பிம்ப்ளே சவுதாகர் ஏரியாலயும் ஆச்சு. ஒரு பொம்பள கைக்கொழந்தயோட மாட்டிகினா. நாப்பது நிமிசம். மணி அடிக்கல. அங்க வயர் போட்டது என் அக்கா பையன் சங்கரன். பதினோரு வருசமா என்கூட இருந்தவன். கல்யாணம் பண்ணி ரெண்டு கொழந்த இருக்குது. அவன் கை பட்ட வயர்ல தப்பு வந்ததே கெடையாது."

"சரி."

"பில்டர் எல்லார் எதிர்லயும் என்னக் கேட்டாரு. எனக்கு மானம் போச்சு. சங்கரனக் கூப்ட்டு அந்தப் பொம்பள கால்ல உழச் சொன்னேன். அவன், மாமா நான் சரியாதான் போட்டேன், எங்கம்மா மேல சத்தியம்னு சொன்னான். எதிர்த்தா பேசறன்னு அறைஞ்சுட்டேன். தோள்ல இருந்த டூல் பையப் புடுங்கிகினு, இனி என் மூஞ்சில முழிக்காதன்னேன்." கிழிந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அக்கா பேசறதில்ல. அவன் சாக்கன்ல ஏதோ கம்பெனில லோடு தூக்கறானாம். வயர் புடிச்ச கை. இப்ப பாரு, நானே கூட நின்னு போட்ட வயரு, இதுவும் அடிக்கல. அப்ப என்கிட்டதான் ஏதோ தப்பு இருக்குது. நான்தான் அவனுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

பானுவுக்குப் புரிந்துவிட்டது. மெயிலில் 'ஏதோ ஒரு கட்டடம்' என்று படித்த இடம் பிம்ப்ளே சவுதாகர்தான். அங்கே ஓர் ஆள் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறான். இங்கே ஒருவர், செய்யாத தப்பைத் தன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

ஜிப்பைத் திறந்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து, கேபிளின் மறுமுனையைத் திறந்துகிடந்த பேனலுக்குள் செருகினாள்.

"இன்னாம்மா பண்றே?"

"அங்கிள், உங்க வயர்ல தப்பில்ல. சங்கரன் வயர்லயும் தப்பில்ல." அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள். "இந்தப் பேனலுக்கு என்னென்ன மாட்டியிருக்குன்னு எழுதிக் குடுக்கறது என் வேலை. மணி இல்லன்னு எழுதிட்டேன். லேப்ல மணி இல்ல, அதனால அப்படிப் போட்டேன். அப்புறம் மாத்தணும்னு நெனச்சு மறந்துட்டேன். நீங்க பொத்தான அழுத்தறது உள்ள தெரியுது. ஆனா மணின்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. யாரு எப்படி வயர் போட்டாலும் அடிக்காது."

துரைசாமி திரும்பினார். அவள் சொன்னது பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது.

"எப்பலேந்து தெரியும் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது.

"மூணு வாரமா."

"மூணு வாரம்," என்றார். விரல் மடக்கி ஏதோ எண்ணினார். "சங்கரன நான் தொரத்தி பத்தொம்பது நாளாச்சு."

அவர் கத்துவார், கையை ஓங்குவார் என்றுகூட எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அடிக்க வைங்க மேடம்," என்றார்.

அந்த 'மேடம்' அவளைச் சுட்டது. பேனலை அணைத்து எழுப்பினாள். அது கோப்பைப் படிக்கப் போகும் தறுவாயில் நிறுத்தி, மணி இருக்கும் வரிக்குப் போய், 'டிஸேபிள்ட்'டை அழித்து 'ஓகே' என்று அடித்தாள். நிறுத்தியதை விட்டதும் பேனல் எழுந்தது. பொத்தானை அவரே அழுத்தட்டும் என்று ஒதுங்கினாள். அவர் அசையவில்லை. அவளே அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒன்பது மாடிக்குக் கீழே இருந்தும் அது அத்தனை சத்தமாகக் கேட்டது. பானு கையை எடுத்தாள், அழுத்தினாள், மறுபடி எடுத்தாள். துரைசாமி கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

கதம் தூக்கக் கலக்கத்தோடு மாடியேறி வந்தார். துரைசாமி கதவிடுக்கு வழியாக இந்தியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் மேலே மெஷின் அறைக்குப் போய் பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். லிஃப்ட் ஊர்ந்து ஏறிப் பத்தாவது மாடியில் நின்றது. கதவு திறந்ததுதான் தாமதம், துரைசாமி யாரையும் பார்க்காமல், கதவு மாட்டாத ஒரு ஃபிளாட்டுக்குள் ஓடினார்.

கதம் கீழே போய் லிஃப்ட் ரிஜிஸ்டரைக் கையோடு கொண்டு வந்தார். நின்ற நேரம், திறந்த நேரம் எழுதினார். மணி ஏன் தாமதமாக அடித்தது என்பதற்கு அச்சடித்த நாலு கட்டம் இருந்தது: வயரிங், மின்சாரம், கதவு, தவறான உபயோகம். கதம் யாரிடமும் கேட்கவில்லை. பழகிய கையோடு வயரிங்கில் டிக் போட்டு, கீழே கான்ட்ராக்டர் கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்தார்.

"அது வயரிங் இல்ல. சாஃப்ட்வேர்," என்றாள் பானு இந்தியில்.

கதம் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். சாஃப்ட்வேருக்குக் கட்டம் இல்லை மேடம் என்றார். அவர் குரலில் கோபமில்லை. இல்லாததை எங்கே எழுதுவது என்ற நியாயமான சந்தேகம்தான்.

பானு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். கதம் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்து வெற்றிடத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள்: வயரிங் சரியாக இருக்கிறது. பேனல் சாஃப்ட்வேரில் மணியை நிறுத்தி வைத்தது நான். பிம்ப்ளே சவுதாகரிலும் இதே காரணம். அங்கேயும் மற்ற ஒன்பது கட்டடங்களிலும் இன்றே திருத்த வேண்டும். கீழே முழுப் பெயர், கம்பெனி பெயர், தேதி, கையெழுத்து. நின்றபடி எழுதியதில் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையுடையதாக வந்தது. அதைப் போனில் படம் எடுத்து விஸ்வேஸ்வரனுக்கு அனுப்பினாள். அனுப்பியதும் பயம் வந்தது. இனி தலைவிப் பதவி எங்கே, வேலையே இருக்குமோ என்னவோ. மறைக்க மட்டும் இனி ஒன்றுமில்லை.

துரைசாமி திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். கதம் நீட்டிய ரிஜிஸ்டரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தானும் ஒரு படம் எடுத்தார். போனில் வெகு நேரம் என்னவோ செய்துகொண்டிருந்தார். பிறகு அவளிடம் வந்து திரையைக் காட்டினார். சங்கரனுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும்.

"என்ன அவன் பிளாக் பண்ணி வச்சிருக்கான். இன்னிக்குதான் தெரியுது." போனைச் சட்டைப் பையில் போட்டார். "உங்க போன்லேந்து அனுப்புங்க. நம்பர் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல எண்ணைப் போட்டாள். படத்தை அனுப்பினாள். கீழே, 'தப்பு என்னுடையது. மன்னிச்சிடுங்க. பானு' என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாயின.

போன் அடித்தது. விஸ்வேஸ்வரன்தான் என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, சங்கரனின் எண்.

"யாருங்க நீங்க?" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

பானு முதலிலிருந்து சொன்னாள். லேப், மணி, அந்த ஒரு சொல், மூன்று வாரம். எதையும் குறைக்கவில்லை. லாரி சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டானோ என்று பார்த்தாள்; வைக்கவில்லை.

"எங்கம்மா மேல சத்தியம் பண்ணேங்க," என்றான் கடைசியில். பிறகு கேட்டான்: "எங்க மாமா அங்க இருக்காரா?"

பானு நிமிர்ந்தாள். துரைசாமிக்கு அந்தக் கேள்வி கேட்டிருந்தது. இரண்டு கையையும் வேகமாக ஆட்டி, தலையையும் ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னார். கண் நிறைந்திருந்தது. படிக்கட்டுப் பக்கம் இரண்டு அடி பின்வாங்கினார்.

"இருக்காரு," என்றாள் பானு, போனை அவரிடம் நீட்டியபடி.